உனக்கு நீயே பேசு, ஆனா மரியாதையா பேசு

தனியாகப் பேசிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் நம்ம ஊரில் உடனே ஒரு பேர் வைத்துவிடுவார்கள். ப்ளூடூத் வந்த பிறகு கொஞ்சம் தப்பித்தோம். காதுல ஏதாவது மாட்டியிருக்கும்னு நினைச்சு விட்டுடறாங்க. ஆனால் வாய் அசைகிறதோ இல்லையோ, காலையில் கண் விழித்ததிலிருந்து நாம எல்லாருமே நமக்குள் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். "இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கிக்கலாம்." "எட்டு மணி பஸ் போச்சுன்னா அவ்வளவுதான்." "ரெக்கார்டு எழுதலையே, சார் கேட்டா என்ன சொல்றது?" இதெல்லாம் யாரோ நம்மிடம் சொன்னதில்லை. நாமே நமக்குச் சொல்லிக்கொள்வது.

அதனால் தனக்குத் தானே பேசலாமா வேண்டாமா என்ற விவாதமே வீண். எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் விஷயம். என் கருத்து, நம்மில் முக்கால்வாசிப் பேர் இரண்டே குரலில்தான் பேசிக்கொள்கிறோம். ஒன்று, திட்டுகிற குரல். இன்னொன்று, கட்-அவுட் வைக்கிற குரல்: "நீ யாரு தெரியுமா, உன்னால முடியாதது எதுவுமே இல்ல!" இரண்டாலும் ஒரு லேப் ரெக்கார்டுகூட முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு குரல் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளம் போய் நில்லுங்கள்.

கோவளம் என்றதும் நம்ம காலேஜ் பசங்களுக்கு பஜ்ஜியும் செல்ஃபியும்தான் ஞாபகம் வரும். 2021-இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்த பிறகு கூட்டமும் கூடிவிட்டது. ஆனால் அலைச்சறுக்கு ஆட்களுக்கு அந்த ஊர் வேறு மாதிரி தெரியும். மூர்த்தி மேகவன் என்ற உள்ளூர் மீனவர் தானாகவே பலகையில் நின்று பழகி, பிறகு 2012-இல் அங்கே ஒரு அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கக் காரணமானார். அடுத்த வருஷமே சர்ஃப் திருவிழா வந்தது. இன்று அங்கே கற்றுக்கொடுக்கிற பல பேர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள்தான்.

புதிதாக வருகிறவர்களை எடுத்த எடுப்பில் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். முதலில் மணலில் பலகையைப் போட்டு, குப்புறப் படுக்கச் சொல்லி, கையால் துழாவச் சொல்லி, ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழக்குவார்கள். அப்புறம்தான் கடல். அலை வரும்போது பயிற்சியாளர் பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட்டுக் கத்துவார்: "துழாவு, துழாவு, துழாவு... எழு!" ஆள் எழுவதற்குள் அலை போய்விடும், ஆளும் போய்விடுவார். பத்து தடவை விழுந்த பிறகு கவனித்தால், பயிற்சியாளர் கத்துவதற்கு முன்பே கற்றுக்கொள்கிறவரின் உதடு அசைந்துகொண்டிருக்கும். "துழாவு, துழாவு... முட்டி வைக்காதே... காலைப் பாக்காதே, முன்னாடி பாரு." வெளியிலிருந்து வந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய குரலாக மாறிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உதட்டில் இல்லாதது. "நான் சாம்பியன்" இல்லை. "நான் எதுக்கும் லாயக்கில்ல" இல்லை. அடுத்த ரெண்டு விநாடியில் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது.

விளையாட்டு உளவியலில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள் 2011-இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தனக்குத் தானே பேசிக்கொள்வது திறமையைக் கூட்டுகிறது என்பது ஒன்று. நுணுக்கமான வேலைகளில் ஊக்கப் பேச்சைவிட 'இதைச் செய், அப்படிப் பிடி' என்கிற செய்முறைப் பேச்சு நன்றாக வேலை செய்கிறது என்பது இன்னொன்று. சால்டரிங் செய்கிறவர்கள் இரண்டாவதைக் குறித்துக்கொள்ளவும்.

வெளிக்குரல் உள்குரலாக மாறுகிற கதையை ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930-களிலேயே எழுதிவிட்டார். சின்னக் குழந்தைகள் விளையாடும்போது தானாகவே பேசிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா? "இதை இங்க வைக்கணும், ஐயோ விழுந்துடுச்சு, பெரிசு எங்க?" இது வெறும் உளறல், வயசானால் தானாகப் போய்விடும் என்று பியாஜே நினைத்தார். வைகாட்ஸ்கி ஒப்புக்கொள்ளவில்லை. அது போகவில்லை, உள்ளே போகிறது என்றார். முன்பு அம்மா சொன்ன வழிமுறையைக் குழந்தை தனக்கே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறது. பிறகு முணுமுணுப்பு. பிறகு மௌனமான சிந்தனை. வேலை கஷ்டமானால் பேச்சு அதிகமாகிறது என்பதையும் அவர் கவனித்தார். நாம் எக்ஸாம் ஹாலில் ஒரு கஷ்டமான கணக்கு வந்ததும் முணுமுணுக்க ஆரம்பிப்பதற்கும் அந்தக் குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இன்விஜிலேட்டர்தான் முறைப்பார்.

சரி, கட்-அவுட் குரலுக்கு வருவோம். முதல் வருஷ வரவேற்பு விழாவில் யாராவது ஒரு ஊக்கப் பேச்சாளர் வந்து, எல்லாரையும் எழுந்து நிற்கவைத்து, கையைத் தூக்கி "என்னால் முடியும்" என்று மூன்று தடவை கத்தவைப்பது பல கல்லூரிகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கத்தும்போது நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் இதைச் சோதித்துப் பார்த்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'நான் அன்புக்குத் தகுதியானவன்' என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ஏற்கெனவே தன்மேல் நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்மை. தன்னைப் பற்றிக் குறைவாக நினைப்பவர்களிலோ, சொன்னவர்களின் மனநிலை சொல்லாதவர்களைவிட மோசமாக இருந்தது. யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை! யோசித்தால் புரியும். மூன்று அரியர் வைத்திருக்கிறவன் "நான் ஜீனியஸ்" என்று சொன்னால், உள்ளேயிருந்து உடனே ஒரு குரல் "அப்படியா? அந்த எம்-டூ என்னாச்சு?" என்று கேட்கும். பொய் சாட்சிக்கு நாமே குறுக்கு விசாரணை வழக்கறிஞர்.

இதற்கு மாற்றாக ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வந்த ஆய்வு. ஒரு குழுவை 'செய்வேன்' என்ற பொருளில் எழுதச் சொன்னார்கள், இன்னொரு குழுவை 'செய்வேனா?' என்ற பொருளில். பிறகு எழுத்துகளை மாற்றிப் போட்டுச் சொல் கண்டுபிடிக்கிற புதிர்கள் கொடுத்தார்கள். கேள்வியாக எழுதியவர்கள் அதிகமாகத் தீர்த்தார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் காரணம் நியாயமாகத் தெரிகிறது. 'முடிப்பேன்' என்றால் பேச்சு முடிந்துவிடுகிறது. 'முடிப்பேனா?' என்றால் மனசு பதில் தேட ஆரம்பிக்கிறது: எப்போ, எப்படி, யார்கிட்ட நோட்ஸ் இருக்கு? தமிழில் இதற்கு ஒரே ஒரு 'ஆ' போதும்.

இதையே இன்னும் ஒரு படி இழுத்தால் பீட்டர் கோல்விட்ஸர் சொன்னது வரும். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் கட்டிப் பேசிக்கொண்டால் காரியம் நடக்கிற வாய்ப்பு கூடுகிறது என்று அவர் 1990-களிலிருந்தே காட்டி வருகிறார். "இனிமே தினமும் கேட்டுக்குப் படிப்பேன்" என்பதை நம் மனசு ஒரு வாழ்த்து மெசேஜ் மாதிரி எடுத்துக்கொள்ளும். "மெஸ்ல தட்டு கழுவினதும் நேரா மேசைக்குப் போய், நெட்வொர்க் தியரி தொறந்து, ஒரே ஒரு கணக்கு" என்பதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தட்டு கழுவுகிற சத்தமே அலாரம் ஆகிவிடுகிறது.

இப்போது கொஞ்சம் நம்ம பக்கம் வருவோம். இந்த 'செல்ஃப் டாக்' ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைத்தால், சங்க இலக்கியத்தைத் தமிழ் வாத்தியார் நமக்குச் சரியாக நடத்தவில்லை என்று அர்த்தம். பொருள் தேடப் பிரிந்து போகலாமா, காதலியோடு இருந்துவிடலாமா என்று தவிக்கிற தலைவன் அகப்பாடல்களில் யாரிடம் பேசுகிறான்? தன் நெஞ்சிடம். 'தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது' என்று எத்தனை பாட்டுக்குக் கீழே குறிப்பு இருக்கிறது பாருங்கள். கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்டில் புனேயா சென்னையா என்று குழம்புகிறவன் கதைதான், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' 125-ஆவது அதிகாரம், 'நெஞ்சொடு புலத்தல்' 130-ஆவது. தன் நெஞ்சிடம் கோபித்துக்கொள்வதற்கே ஒரு தனி அதிகாரம்! பாரதியார் 'மனத்திற்குக் கட்டளை' என்று தலைப்பு வைத்தே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார்.

இவர்கள் யாரும் 'நான், நான்' என்று பேசவில்லை. நெஞ்சை எதிரில் நிறுத்தி, 'நீ' என்று பேசுகிறார்கள். இதில் என்ன நன்மை என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் 2014-இல் பரிசோதனை வழியாகக் காட்டினார். திடீரென்று மேடையில் பேசச் சொல்லி, தயாராகக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுத்தார்கள். 'எனக்கு ஏன் பயமா இருக்கு' என்று யோசித்தவர்களைவிட, தன் பெயரைச் சொல்லி 'நீ ஏன் பயப்படறே' என்று யோசித்தவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகு அதையே நினைத்து நினைத்து வருந்துவதும் அவர்களுக்குக் குறைவு. அடுத்தவன் பிரச்சனைக்கு நாம எல்லாரும் நல்லா ஐடியா சொல்வோம். தன்னை அடுத்தவனாக ஆக்கிக்கொண்டால் தனக்கும் சொல்லலாம். என் அறைத்தோழன் ஒருவன் தன்னை 'நீங்க' போட்டே எழுப்புவான்: "எழுந்திரிங்க சார், தண்ணி நின்னுடும்." முதலில் சிரித்தோம். அவன்தான் தினமும் சூடான தண்ணீரில் குளிக்கிறான்.

திட்டுகிற குரலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் நம்ம வகுப்பறைகளில் அதிகம்.

2021-இல் தமிழக அரசு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த தோழர்கள் நம்ம கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்து, கணக்கில் நூற்றுக்கு நெருங்கி மார்க் வாங்கி வந்தவர்கள், முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். சந்தேகம் கேட்க எழுந்திருக்கும்போதே உள்ளே ஒரு குரல்: "தப்பா பேசினா சிரிப்பாங்க. உக்காரு." இந்தக் குரல் அவர்களுடையது கிடையாது. யாரோ ஒரு சொந்தக்காரர், யாரோ ஒரு டியூஷன் சார், எப்போதோ சிரித்த ஒரு பக்கத்து பெஞ்ச், இவர்களுடைய குரல். கோவளத்தில் பயிற்சியாளர் குரல் உள்ளே போனது போலவே இதுவும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நல்ல குரல் உள்ளே போகும் என்றால் கெட்ட குரலும் அதே வாசல் வழியாகத்தான் போகும்.

இதோடு இன்னொரு தவறான அறிவுரையும் சேர்கிறது: "இங்கிலீஷ்ல யோசி, அப்பதான் இங்கிலீஷ் வரும்." பேச்சுப் பழக்கத்துக்கு வேண்டுமானால் சரி. ஆனால் கிர்காஃப் விதியைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் எதற்கு இந்த இரட்டைச் சுமை? பாடமும் புதுசு, மொழியும் புதுசு என்றால் மண்டைக்குள் இடமே இருக்காது. தமிழிலேயே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "இந்தப் புள்ளிக்கு மூணு வயர் வருது. முதல் வயர்ல 5 ஆம்பியர் உள்ள வருது. ரெண்டாவதுல 3 வெளிய போகுது. புள்ளியில எதுவும் தங்காது. அப்போ மூணாவதுல 2 வெளிய போயே ஆகணும்." முடிந்தது. விதி புரிந்துவிட்டது. இதைப் பரீட்சைத் தாளில் ஆங்கிலத்தில் எழுத நான்கு வாக்கியம் தேவை, அந்த நான்கையும் பிறகு பழகிக்கொள்ளலாம். 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதில் சேர்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் மண்டைக்குள் தமிழ்வழி நடத்த யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கோடிங் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. 1999-இல் வந்த 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' புத்தகத்தில் ரப்பர் வாத்துக் கதை இருக்கிறது. புரோகிராம் ஓடவில்லையென்றால் மேசைமேல் ஒரு பொம்மை வாத்தை வைத்து, அதற்கு வரி வரியாக விளக்கிச் சொல்ல வேண்டும். பிழை தானே வெளியே வரும். லேப்பில் தினமும் நடப்பதுதான். பக்கத்து சிஸ்டம்காரனைக் கூப்பிட்டு, "மச்சி, அரேல 10 இடம். ஐ பூஜ்யத்துல ஆரம்பிக்குது, பத்து வரைக்கும் போகுது... பத்தா? கடைசி இடம் ஒன்பதாச்சே! சரி, நீ போ." அந்த நண்பன் வாயே திறக்கவில்லை. அவன் வேலை வாத்து வேலை.

நம்ம ரயில்களிலும் இந்த வாத்து இருக்கிறது, கொஞ்சம் சீரியஸாக. தாம்பரம் வழியாகப் போகிற எக்ஸ்பிரஸ் ரயிலின் இன்ஜினில் லோகோ பைலட்டும் துணை லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கை காட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. பச்சையைப் பார்த்தால் மட்டும் போதாதா? போதாது. கண் பார்த்ததை மனசு பார்க்காமல் விடலாம், வாய் சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது. ஜப்பானில் இதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். அங்கே ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் செய்த சோதனையில், எளிய வேலை ஒன்றில் சுட்டிக்காட்டிச் சொல்வதால் தவறுகள் கிட்டத்தட்ட 85 சதவீதம் குறைந்தன. ஹாஸ்டல் ரூமைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள், பூட்டும்போது "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலவசம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. "இதெல்லாம் பிரச்சனையைத் தனி ஆள் தலையில் கட்டுவது. மறைமலைநகர்லேருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவனுக்கு உள்குரல் என்ன செய்யும்?" உண்மைதான். பஸ் எண்ணிக்கையை உள்குரல் கூட்டாது, ஃபீஸைக் குறைக்காது. அதற்கெல்லாம் வெளியே, சேர்ந்து, சத்தமாகப் பேச வேண்டும். ஆனால் தன்னைத் தினமும் "வேஸ்ட்" என்று கூப்பிட்டுக்கொள்கிறவன் அந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டான் என்பது என் எண்ணம்.

இன்னொரு எல்லையும் உண்டு. சில நேரம் உள்ளே பேசுகிற குரல் திட்டுவதோடு நிற்காது. 'நீ இல்லாமலே இருக்கலாம்' என்கிற பக்கம் போகும். அந்த இடத்தில் நானே பேசிச் சரிசெய்துகொள்கிறேன் என்று இருக்கக் கூடாது. நண்பனையோ வீட்டையோ கூப்பிட வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104-உம் இருக்கிறது. இந்த ரெண்டு நம்பரையும் இப்போதே போனில் போட்டு வைத்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

கடைசியாக, நம்ம தமிழ் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை. வருகிற முதல் வருஷ வரவேற்பில் ஊக்கப் பேச்சாளரை அழைக்கிற நேரத்தில் அரை மணியை எங்களுக்குக் கொடுங்கள். ரெண்டு சீனியர்கள் மேடையில் உட்கார்ந்து, இதுவரை பார்க்காத ஒரு கணக்கைப் போர்டில் எழுதி, மண்டைக்குள் ஓடுவதையெல்லாம் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடட்டும். தடுமாறுவது, "இரு, இது வரல, திரும்பப் பாப்போம்" என்று தன்னையே தட்டிக்கொடுப்பது, எல்லாம் ஜூனியர்கள் காதில் விழட்டும். அப்புறம் இடம். நூலகத்தில் பேசக் கூடாது, சரி. ஹாஸ்டல் ரூமில் பேசினால் மற்றவன் தூக்கம் கெடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் முதல் மாடியில் நாலு வகுப்பறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. அதில் ஒன்றைத் திறந்துவிட்டு, வாசலில் 'பேசிப் படிப்பவர்களுக்கு மட்டும்' என்று ஒரு அட்டை மாட்டினால் போதும். சாவி வாங்கித் தரவும், இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திப் பூட்டிக் கொடுக்கவும் எங்கள் வகுப்பில் ஆறு பேர் தயார்.